நான் கொடுத்த நாவலும் காணாமல் போன பேக்கரிக்காரரும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அத்தானின் முழங்கால் அவர் சொன்னபடி கேட்க வேண்டும், உன் நூலகத்தில் இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் புத்தகங்களை ஒழுங்காகத் திருப்பித் தர வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மனதளவில் நான் சுகமாக இல்லை. சரியாகத் தூக்கம் கிடையாது, கை நடுங்குகிறது. பல் வைத்தியனுக்குக் கை நடுங்கினால் அதை முதலில் பார்ப்பவர் எதிரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்தான். மூத்தவளைக் குற்றம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் ஆற அமர யோசித்தால் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் போன மாதம் நீ அனுப்பிய பார்சல்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அத்தானுக்குப் படித்துக் காட்டும்போது என்னைப் பற்றி வரும் இடங்களை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடு.

விடுமுறை நாள் சாயங்காலங்களில் நாங்கள் நாலு பேர் என் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் உட்காரும் அறையில் கூடுவது உனக்குத் தெரியும். அந்த வாரம் படித்ததில், பார்த்ததில், கேட்டதில் எது பிடித்ததோ அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. புத்தகம் என் பொறுப்பு. பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குத் துப்பறியும் தொடர்கள். கொலை இல்லாத தொடரை அவர் இரண்டாவது நிமிஷத்திலேயே அணைத்துவிடுவார். இப்போதெல்லாம் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களைக்கூட, யாருக்கு, எதற்கு என்று ஓரக்கண்ணால் அளக்கிறாராம். எதிர்வரிசைத் தையல்காரருக்குப் பாட்டு, அதுவும் நேரில் கேட்கும் பாட்டு மட்டும்தான். பாடுகிறவர் மூச்சு வாங்குவது காதில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அது டப்பாவில் அடைத்த பாட்டு என்பது அவர் கட்சி. நாலாவது ஆள் பேக்கரிக்காரர். அவர் எதையும் சிபாரிசு செய்ததில்லை. சூடாக ஒரு தட்டு பன் கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து, நாங்கள் மூன்று பேரும் பேசுவதை மாவு பிசைவதுபோல் நிதானமாகக் கேட்பார். எல்லாம் முடிந்ததும், "நல்லா இருக்கும் போலிருக்கே" என்பார். அவ்வளவுதான். அவரைப்போல் கேட்பதற்கு ஆள் கிடைக்காது என்று நாங்கள் மூவரும் அவர் முகத்துக்கு நேராகவே பாராட்டியிருக்கிறோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் பார்சல் வந்தது. அதில் அந்த நாவல். ஒரு கடைக்காரன் ஒரு நாள் காலையில் கடையைத் திறக்காமல், கட்டினவளிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஏறிப் போய்விடுகிறான். நீயும் படித்திருக்கிறாய், நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைப் படித்துவிட்டு அழுதேன். அழுததோடு விட்டிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி ஆரம்பித்தவன், டீ ஆறி ஏடு படிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர், கொலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் பன்னை எடுத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் வழக்கம்போல் நல்லா இருக்கும் போலிருக்கே என்றார். எனக்குள் என்ன சனி புகுந்ததோ, புத்தகத்தை அவர் கையில் திணித்து, "இதைப் படிங்க. உங்க வாழ்க்கையே மாறிடும்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் சில நாள் கழித்துக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், தெருவே வெறிச்சென்று இருக்கிறது. கொஞ்ச நேரம் என்ன குறைகிறது என்று புரியவில்லை. ரொட்டி வாசனை இல்லை. பேக்கரி பூட்டியிருந்தது. பேக்கரிக்காரரின் வீட்டுக்காரம்மா என் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் உன் நாவல். விடியும் முன்பே அடுப்பு மூட்டப் போகிறேன் என்று கிளம்பியவர், அடுப்பையும் மூட்டவில்லை, வீட்டுக்கும் வரவில்லையாம். போன் போட்டால் மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து மணி அடித்ததாம். அந்தம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நிதானமாகப் புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"வாழ்க்கையே மாறும்னு சொன்னீங்களாமே டாக்டர். எப்படி மாறும்னு கொஞ்சம் சொல்லுங்க."

கதையை எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் மாதிரியே ஒரு கடைக்காரர், உங்கள் கடை மாதிரியே ஒரு கடை, ஒரு நாள் அதைத் திறக்கவில்லை என்றா? நான் மென்று விழுங்கியதைப் பார்த்த அந்தம்மா, அவனுக்கு என்ன ஆகிறது என்று தானே படித்துத் தெரிந்துகொள்வதாகவும், அவன் எங்கே போகிறான் என்று தெரிந்தால் இவர் எங்கே போயிருப்பார் என்று பிடித்துவிடலாம் என்றும் சொல்லி, என் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார். நான் உள்ளே வேலையைப் பார்க்க வேண்டும். கதவு வழியாக அவ்வப்போது அவர் குரல் கேட்கும். இப்ப பூட்டு வாங்குறான் டாக்டர் என்பார். கொஞ்ச நேரம் கழித்து, பஸ் ஏறிட்டான் என்பார். ஒவ்வொரு தகவலுக்கும் என் கை தூக்கிப் போட்டது. நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அது நல்ல பல்லு டாக்டர்" என்றார். அவரைக் கும்பிட்டு, இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பினேன். அவர் இன்னொரு நாள் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அன்று மத்தியானம்தான் அந்தப் போன் வந்தது. ஆஸ்பத்திரி நம்பருக்கு. எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு, "ம்ம்... ஆ... ஆ..." என்று ஒரு முனகல். வைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். நான் முனகிக் காட்டினேன். இன்னொரு தடவை முனகச் சொன்னார். முனகினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, வாயில் துணியை அடைத்துவைத்து யாரோ பேச விடாமல் பண்ணியிருக்கிறார்கள், அவர் பார்க்கிற தொடர்களில் இதற்கடுத்து ஒரு விரல் பார்சலில் வரும் என்றார். உன் பார்சலையே தாங்க முடியாதவன் நான். போலீசுக்குப் போகலாம் என்று அவர் துடித்தார். அந்தம்மாவோ தலை நிமிராமல், "அவன் இப்பதான் டவுனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கான், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாளும் அதே முனகல் வந்தது, இன்னும் பரிதாபமாக.

வீட்டிலும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஊரான் வீட்டுக்காரருக்குப் புத்தகம் கொடுக்கிற நேரத்தில் நம் வீட்டுக் குழாயைச் சரிபண்ணியிருக்கலாம் என்று உன் தம்பி மனைவி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் ஏதாவது ஒரு ஊரில், தெரியாத தெருவில், என் பேச்சைக் கேட்ட பாவத்துக்கு நடந்துகொண்டிருப்பதாகவே கண்முன் தெரிந்தது. உனக்கும் எனக்கும் புத்தகம் ஒரு பொழுது. படித்துவிட்டு அழுவோம், மூக்கைச் சிந்துவோம், அடுத்ததை எடுப்போம். படித்துப் பழக்கமே இல்லாதவன் முதன்முதலாக ஒன்றைப் படித்தால் அப்படியே நம்பிவிட மாட்டானா? பசித்த வயிற்றில் மிளகாயைப் போட்டதுபோல் ஆகிவிட்டதே என்று புலம்பினேன்.

தையல்காரர்தான் முதலில் உருப்படியாக ஒன்று கேட்டார். அந்தக் கதையில் கடைக்காரன் கடைசியில் எங்கேதான் போகிறான்? அந்தம்மாவுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் முதல் நாள் என்னைச் சொல்லச் சொல்லி நெருக்கியவர், மறுநாள் நான் வாயெடுத்ததும் கையை நீட்டித் தடுத்து, முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று உத்தரவு போட்டிருந்தார். அதனால் மருந்துக்கடையின் உள் அறையில் நின்று சொன்னேன். அவன் ஆற்றோரம் உள்ள ஒரு ஊருக்குப் போய், ஒரு பாட்டுக் கச்சேரிக்குள் நுழைகிறான், கேட்டு முடித்ததும் படகு ஏறிவிடுகிறான். தையல்காரர் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். பக்கத்து ஊரில், ஆற்றங்கரையை ஒட்டிய அரங்கத்தில், அன்று சாயங்காலம் கச்சேரி. ஒரு மாதமாக அவர் எங்களிடம் புகழ்ந்துகொண்டிருந்த அதே பாடகி. எனக்கு ஆறு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது அந்தம்மாவையும் கூப்பிட்டேன். அவர் விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கிறது, நீங்கள் போய்ப் பாருங்கள், அவர் கிடைத்தால் சாப்பிட வைத்துக் கூட்டிவாருங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் என் காதில், கட்டினவள் தேட வராவிட்டால் அதுவே ஒரு தடயம் என்றார். அவரைக் கடையிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அரங்கத்துக்குள் போனால் கூட்டம் நெரிகிறது, விளக்கை அணைத்துவிட்டார்கள். தையல்காரர் உட்கார்ந்ததும் உலகத்தை மறந்துவிட்டார். எதற்காக வந்தோம் என்று நான் தோளைத் தட்டினால், முதல் பாட்டு முடியட்டும் என்கிறார். நான் தனியாக எழுந்து, வரிசை வரிசையாகக் குனிந்து முகம் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொருவராக மறைக்காதே, உட்கார் என்றார்கள். பாடகி என்ன பாடினார் என்று கேட்காதே. ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை. கடைசி வரிசை ஓரத்தில் ஒருவர் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, ஒரு கன்னம் பன்போல உப்பியிருக்க உட்கார்ந்திருந்தார். வைத்தியன் கண் முதலில் கன்னத்தைத்தான் பார்த்தது. கீழ்த்தாடை, கடைவாய்ப் பல், பிடுங்கி இரண்டு நாள் இருக்கும் என்று மனசு தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பேக்கரிக்காரர்.

பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். பிறகு அவரே மெல்ல, வாயின் ஒரு ஓரத்தால் பேசினார்.

"கோச்சுக்காதீங்க டாக்டர். பல்லு வலி தாங்கலை. இந்த ஊர்ல வேற டாக்டர்கிட்ட வந்துட்டேன்."

அக்கா, அவர் வீட்டைத் துறக்கவில்லை. ஆற்றில் குதிக்கவில்லை. என்னைவிட்டு இன்னொரு பல் வைத்தியரிடம் போயிருக்கிறார். பத்தடி தூரத்தில் நான் இருக்க, பஸ் ஏறிப் போயிருக்கிறார். வீட்டில் சொன்னால், நம்ம டாக்டர் இருக்கும்போது அங்கே எதற்கு என்று அந்தம்மா கேட்பார், அதனால் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். வேர் வளைந்திருந்ததால் அந்த வைத்தியர் தங்கிப் போகச் சொல்லிவிட்டார். தெரிந்த மாவு வியாபாரி வீட்டில் படுத்திருக்கிறார். போனை மறந்து வந்தவருக்கு வீட்டு நம்பர் மனப்பாடம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் என் ஆஸ்பத்திரி நம்பர்தான். அது அவர் ரொட்டி உறையிலேயே விளம்பரமாக அச்சடித்திருக்கிறது, தினமும் பார்க்கிறார். என் உதவியாளர் எடுத்தால் வீட்டுக்குச் சேதி சொல்லச் சொல்லலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். நான் எடுத்துவிட்டேன். வாய் மரத்துப்போய், பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததால் முனகத்தான் முடிந்ததாம். வாயில் துணி என்று மருந்துக்கடைக்காரர் சொன்னது சரிதான். காலையிலிருந்து இருட்டும்வரை அந்த முனகலைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன் நான். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். பேக்கரிக்காரர் மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க நல்லாதான் பாக்குறீங்க. ஆனா உங்க நாற்காலியில உக்காந்தா கதை சொல்லுவீங்க. எனக்கும் ஏதாவது சொல்லணும்னு தோணும். வாயில உங்க கை இருக்கும். அந்த டாக்டர் பேசவே மாட்டாரு."

அப்படியானால் நாவல் என்று இழுத்தேன். பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை, படித்தால் தூக்கம் வருகிறது என்றார். தொழிலிலும் தோற்றேன், ரசனையிலும் தோற்றேன். இரண்டில் எது பெரிய அடி என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். பல் போனது அவருக்கு, சொல் போனது எனக்கு. கச்சேரியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார். காலையில் கட்டு மாற்றிவிட்டு, வீக்கத்தோடு உடனே பஸ்ஸில் குலுங்க வேண்டாம், ராத்திரி போகலாம் என்று வைத்தியர் சொன்னாராம். சும்மா இருப்பதற்கு, தையல்காரர் அவ்வளவு சொன்னாரே என்று தானே ஒரு டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார். தையல்காரர் சொன்னதற்கு டிக்கெட் வாங்குகிறார், நான் கொடுத்ததற்குத் தூங்குகிறார். சண்டை போடலாம் என்று திரும்பினேன். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, மேடையைக் காட்டினார்.

அப்போதுதான் நான் பாட்டைக் கேட்டேன். பாடகி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மூச்சு எடுப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் வாயைத் திறக்கவில்லை. நம்ப மாட்டாய், முடியும்வரை திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பேக்கரிக்காரர் பேசினார். உப்பின கன்னத்தோடு, பாதிச் சொல் காற்றாகப் போக, வழிநெடுகப் பேசினார். அந்த வரி தன் அப்பா மாவு பிசையும்போது முணுமுணுக்கிற ராகம் மாதிரி இருந்தது என்றார். காலையில் அடுப்புச் சூட்டில் தனியாக நிற்கும்போது ரேடியோ கேட்பாராம், எங்களிடம் சொல்ல நினைத்து நினைத்து விட்டுவிடுவாராம். தையல்காரர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் என் பங்குக்கு எத்தனையோ சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஊர் வந்து இறங்கும்போது நல்லா இருக்கும் போலிருக்கே என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்து, வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்தம்மா தன் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். புத்தகம் மடியில் மூடியிருந்தது. விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்து, "ஒரு பல்லுக்கா? அவ்வளவுதானா?" என்றார். அதில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகமாக இருந்ததாக எனக்குப் பட்டது. உள்ளே போய்க் கஞ்சி கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம், படகு எங்கே போய் நிற்கும் டாக்டர் என்று கேட்டார். அது முதல் பாகம்தான், இரண்டாம் பாகம் என் அக்காவிடம் இருக்கிறது, நானே படிக்கவில்லை என்றேன். அக்கா எந்த ஊர், எந்தத் தெரு என்று அக்கறையாக விசாரித்தார். இவ்வளவு ஆனபிறகும் உனக்கு நன்றி சொல்ல நினைக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் முகவரியைச் சொன்னேன்.

ஆகவே அக்கா, ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். இனி யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யப்போவதில்லை. விடுமுறை நாள் கூட்டத்தையும் கலைத்தாகிவிட்டது. நாற்காலியில் உட்காருகிறவர்களிடம், வலிக்கிறதா, கொப்பளியுங்கள் என்ற இரண்டு பேச்சுக்கு மேல் கிடையாது. நீயும் தயவுசெய்து அந்த இரண்டாம் பாகத்தை அனுப்பாதே. உன் அலமாரியில் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்துவிடு. யார் கேட்டாலும் கொடுக்காதே. ஒரு குடும்பம் தப்பியதே பெரிது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். முழங்காலுக்குப் படி ஏறாமல் இருக்கச் சொல். உன் கையால் நாலு வரி எழுதிப் போட்டால் என் படபடப்பு அடங்கும். நீங்கள் இருவரும் பல்லும் சொல்லும் குறையாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேக்கரிக்காரர் ஓடிவந்தார். வீட்டுக்காரம்மாவைக் காணவில்லை. காலையில் மருந்துக்கடையில் பஸ் பயணத்துக்கு வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டு, தேட வேண்டாம், முடித்ததும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மருந்துக்கடைக்காரர் இதைக் கொலைமிரட்டல் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தம்மா உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார். நான் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. மணி அடித்ததும் கதவைத் திற, இரண்டாம் பாகத்தைக் கையில் கொடு, படித்து முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்காதே. முடித்ததும் அதே புத்தகத்தோடு இங்கே பஸ் ஏற்றிவிடு. பேக்கரிக்காரர் இப்போது என் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாகம் படிக்கிறார். இருபது பக்கம் தாண்டிவிட்டார், தூங்கவில்லை. நாளை விடுமுறை, எல்லோரும் இங்கே கூடுகிறோம், அவர்தான் கதை சொல்லப்போகிறார். இன்னொன்று: இரண்டாம் பாகத்தில் அந்தக் கடைக்காரன் திரும்பி வருகிறானா என்பதை மட்டும் ஒரு வரி எழுது. எனக்காகக் கேட்கவில்லை, அவருக்காகத்தான்.